மழை பெய்யாமலே நனையும் கூடாரம்

நீண்ட விடுமுறை முடியும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரிங்லெட் பட்டணத்தைத் தாண்டித் தாப்பா நோக்கிக் கார்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். பின்பக்கத்தைத் திறந்தால் ஸ்ட்ராபெரி, சோளம், முட்டைக்கோஸ், தேயிலைப் பொட்டலம் எல்லாம் இருக்கும். அவற்றுக்கு அடியில் எங்கோ சுருட்டி நசுக்கிய ஒரு கூடாரமும் கிடக்கும். ஸ்ட்ராபெரி இரண்டு நாளில் கெட்டுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். வீடு போனதும் முதல் வேலையாக அதைக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவோம். கூடாரமும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் கெடத் தொடங்கும் சரக்குதான். அதை மட்டும் படிக்கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு அடுத்த விடுமுறை வரை மறந்துவிடுகிறோம்.

கிள்ளானிலிருந்து குடும்பத்தோடு வந்து இங்கே இரண்டு இரவு முகாம் போட்டுவிட்டுப் போன என் அக்கா மகன், மூன்று மாதம் கழித்து எனக்குப் போன் செய்தான். “மாமா, கூடாரத்தைப் பிரிச்சா கைக்குழந்தை கக்கின பால் மாதிரி ஒரு வாடை. துணி ஒன்னோடு ஒன்னு ஒட்டிக்கிச்சு. இழுத்தா தோல் உரியிற மாதிரி உரியுது. நாங்க வந்தப்ப ஒரு சொட்டு மழை இல்லையே, எப்படி நனைஞ்சிருக்கும்?”

சில நூறு வெள்ளி கொடுத்து வாங்கிய கூடாரம். மூன்று முறைதான் விரித்திருக்கிறான். அவன் மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு. பூஞ்சை வாடை அடிக்கும் துணிக்குள் அவளைப் படுக்க வைக்க முடியாது. அந்த விடுமுறையில் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. பதில், பாதி அவர்கள் விட்ட மூச்சிலேயே இருக்கிறது. தூங்கும் மனிதன் ஓர் இரவில் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீரை வெளியே விடுகிறான். நான்கு பேர் படுத்தால் விடிவதற்குள் ஏறக்குறைய ஒரு லிட்டர். குளிருக்குப் பயந்து கதவு ஜிப்பையும் காற்றுத் துளையையும் இறுக்க மூடிவிட்டால் அந்த ஒரு லிட்டரும் போக வழியில்லாமல் மேல்விரிப்பின் உள்பக்கத்தில் முத்து முத்தாக நிற்கும். “கூடாரம் ஒழுகுது” என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களில் பலர் தங்கள் மூச்சுக்காற்றைத்தான் திட்டுகிறார்கள்.

மறுபாதி, பனி. வானம் மூடியிருக்கும் இரவைவிட நட்சத்திரம் தெரியும் இரவில்தான் கூடாரம் அதிகம் நனையும். மேகம் இல்லாதபோது மேல்விரிப்பு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். குளிர்ந்த பாட்டிலின் மேல் வியர்ப்பதுபோல அதன் மேல் நீர் கட்டும். ஆக, “நல்லவேளை, மழை இல்லை” என்று நாம் சந்தோஷப்பட்ட இரவில்தான் துணி வெளியேயும் உள்ளேயும் நனைந்திருக்கிறது. இதோடு தரைவிரிப்பின் அடியில் புல்லின் ஈரம் வேறு. அடிப்பக்கத்தை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்?

“வெயில் வரட்டும், காயவைத்தே எடுத்துப் போகலாம்” என்று காத்திருப்பவர்களும் உண்டு. நல்ல எண்ணம்தான், மலைக்காற்று ஒத்துழைக்காது. காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு ஈரத்தைத் தாங்கும். காலையில் இங்கே 18 டிகிரி இருக்கும்போது ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 15 கிராம் நீராவியைத்தான் ஏந்த முடியும். மூடுபனி விலகாத காலையில் அதில் பெரும்பங்கு ஏற்கெனவே நிரம்பியிருக்கும். உங்கள் கூடாரத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு கிராமுக்குக்கூட இடம் இருக்காது. அதே நாள் பிற்பகல் கிள்ளானில் 31 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு கன மீட்டர் காற்றுக்கு இன்னும் 11 கிராம் எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் எங்கள் ஊரில் ஈரச்சட்டை இரண்டு நாள் கொடியில் தொங்குவதற்குக் காரணம் இதுதான். அதனால் மலையில் செய்ய வேண்டியது வேறு, வீட்டில் செய்ய வேண்டியது வேறு.

இரண்டுக்கும் போகுமுன், துணிக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிடுவோம். அந்தக் காலத்தில் கூடாரம் என்றால் கித்தான். பருத்தி நூல் நனைந்தால் ஊதிக்கொள்ளும், நூலுக்கு நடுவே இருக்கும் துளைகள் அடைபட்டுத் தண்ணீர் உள்ளே வராது. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் கித்தான் மக்கும் என்பது சாரணர் படைப் பையன்களுக்குக்கூடத் தெரியும். இப்போது வருவது நைலான் அல்லது பாலியெஸ்டர். “பிளாஸ்டிக்தானே, மக்காது” என்று நினைக்கிறோம். நூல் மக்காது என்பது உண்மை. ஆனால் அந்த மெல்லிய துணியில் தண்ணீரைத் தடுப்பது நூல் அல்ல, அதன் உள்பக்கத்தில் பூசியிருக்கும் பாலியூரித்தேன் படலம். பையின் மேல் 2,000 மி.மீ., 3,000 மி.மீ. என்று அச்சிட்டிருப்பார்களே, அது இந்தப் படலத்தின் தெம்பைக் குறிக்கிறது. அத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்று அழுத்தினாலும் தாங்கும் என்று பொருள்.

பாலியூரித்தேனுக்கு எதிரி தண்ணீர்தான். மழை வந்து வழிந்து போகும் தண்ணீரால் பெரிய கேடில்லை. நாள்கணக்கில், வாரக்கணக்கில் கூடவே அடைந்து கிடக்கும் ஈரமும் சூடும் சேர்ந்தால் படலத்தின் மூலக்கூறுகள் அறுபடத் தொடங்கும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு அந்தப் புளித்த பால் வாடை வரும், கடைசியில் செதில் செதிலாக உரியும். இதை நீங்கள் வேறு இடத்தில் பார்த்திருப்பீர்கள். அலமாரியில் வைத்த காலணியை ஒரு வருடம் கழித்துக் கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் மண்டபத்தில் பொடிப்பொடியாக உதிருமே, பல காலணிகளில் அது இதே பாலியூரித்தேன்தான். செயற்கைத் தோல் கைப்பை உரிவதும் பெரும்பாலும் இதே கதை. விலை உயர்ந்த சில கூடாரங்களில் சிலிக்கோன் பூச்சு இருக்கும். அது இந்த வகையில் உரியாது, ஆனால் பூஞ்சை அதையும் விடாது. ஈரத்துணியில் பூஞ்சை பிடிக்க நம் தட்பவெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் போதும்.

இனி மலையில். விடிந்ததும் கூடாரத்தின் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு, தண்ணீரை நன்கு உறிஞ்சும் ஒரு பழைய துவாலையால் மேல்விரிப்பை இரண்டு பக்கமும் துடையுங்கள். துவாலையைப் பிழிந்து பிழிந்துத் துடைத்தால் பாதிக்கு மேல் தண்ணீர் அங்கேயே போய்விடும். பசியாற உட்காருமுன் மேல்விரிப்பை மட்டும் கழற்றி ஒரு கயிற்றில் போட்டுவிடுங்கள். நீங்கள் சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்குக் காற்று ஏதோ கொஞ்சம் வேலை செய்திருக்கும். உள்கூட்டையும் ஈரமான மேல்விரிப்பையும் சேர்த்துச் சுருட்ட வேண்டாம், காய்ந்த உள்கூடும் நனைந்துவிடும். அதற்கென்று கொடுத்த இறுக்கமான பையை மறந்துவிட்டு, பெரிய சந்தைப் பைகள் இரண்டில் தளர்வாகத் திணித்து, முடிந்தால் காரின் இருக்கைப் பக்கம் வையுங்கள். திங்கட்கிழமை வரை வெயிலில் நிற்கும் காரின் பின்பக்கம் ஒரு நீராவி அடுப்பு. ஈரமும் சூடும் சேரும் இடம் என்று சற்றுமுன் சொன்னது அதைத்தான்.

வீட்டில் என்ன செய்வது என்பதற்கு எனக்கு ஆசான் என் பெரியப்பா. அவர் முகாம் போட்டவரில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். கேமரன் மலையில் 1929இல் போ நிறுவனம் தொடங்கியது, 1933இல் பாரத் வந்தது. அன்றிலிருந்து இங்கே தொழிற்சாலைக்குள் நடப்பதில் பெரும்பகுதி ஈரத்தை வெளியேற்றும் வேலைதான். பறித்து வரும் கொழுந்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். கடைசியில் பொட்டலத்துக்குப் போகும் தூளில் இருப்பது மூன்று சதவீதம் அளவுக்குத்தான். அந்தப் பயணத்தின் முதல் படியில் சூடு பெரிதாகக் கிடையாது. வலை போட்ட நீளமான தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றைச் செலுத்துவார்கள். பன்னிரண்டு மணி நேரம், சில நாள் பதினெட்டு மணி நேரம்கூட ஆகும். அவசரப்பட்டு ஆரம்பத்திலேயே சூட்டைக் கொடுத்தால் இலையின் மேல்பக்கம் காய்ந்து விறைத்துவிடும், உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். “வெயிலை நம்பாதே, காத்தை நம்பு” என்பார் பெரியப்பா.

கூடாரத்துக்கும் இதே முறைதான். வீடு வந்து சேர்ந்த இரவே, குளிப்பதற்கு முன்பே பைகளைப் பிரித்துவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளினால் திங்கட்கிழமை வேலை, செவ்வாய்க்கிழமை டியூஷன், புதன்கிழமை பூஞ்சை. தரைவீட்டில் இருப்பவர்கள் கார் நிறுத்தும் கூரைக்கு அடியில் கயிறு கட்டிக் காயப்போடலாம். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத்தான் சிரமம், பால்கனியில் துணி தொங்கக் கூடாது என்று பல இடங்களில் நிர்வாகம் விதி வைத்திருக்கிறது. அவர்கள் மேல்விரிப்பைச் சாப்பாட்டு மேசை நாற்காலிகளின் முதுகில் பரப்பி, மேசை விசிறியைத் தாழ்வாக வைத்து இரவு முழுக்க ஓடவிடலாம். சன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே ஈரக்காற்று அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். குளிர்சாதனத்தில் ஈரம் உறிஞ்சும் நிலை இருந்தால், சன்னலை மூடிவிட்டு அதைப் போடுங்கள், இன்னும் நல்லது. உள்கூடு தானாக நிற்கும் வகையாக இருந்தால் வரவேற்பறையிலேயே நிறுத்திவிடலாம். பிள்ளைகள் அன்றிரவும் அதில்தான் படுப்பேன் என்பார்கள். விடாதீர்கள். மூச்சுக் கணக்கு நினைவிருக்கட்டும்.

வெயிலில் போட்டால் என்ன? ஒரு மணி நேரம் காலை வெயில் தவறில்லை. ஆனால் நைலானையும் பாலியெஸ்டரையும் புற ஊதாக் கதிர் தளர்த்தும். நாள் முழுக்கச் சுள்ளென்ற வெயிலில் தொங்கவிடுவது பல நாள் முகாம் போட்ட தேய்மானத்தை ஒரே நாளில் கொடுப்பதற்குச் சமம். துணி உலர்த்தும் இயந்திரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், படலமும் தையல் மேல் ஒட்டியிருக்கும் நாடாவும் அந்தச் சூட்டில் பிரிந்துவிடும். துவைக்கும் இயந்திரமும் அப்படியே. சுழற்றி முறுக்கும் வேகத்தில் வலைத்துணி கிழியும், பூச்சு உராய்ந்து போகும்.

அதற்காக ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும் என்பதில்லை. அழுக்கான இடத்தை மட்டும் கழுவினால் போதும். எங்கள் ஊர்ச் செம்மண் ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் நூலுக்குள் இறங்கிக் கறையாக நின்றுவிடும். காயவிட்டு, மென்மையான தூரிகையால் தட்டினால் தூளாக உதிரும். மிச்சத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர், கைக்குழந்தை துணிக்குப் போடும் மென்மையான சோப்பு, ஒரு பஞ்சு. சலவைத் தூள் வேண்டாம், அதன் மிச்சம் துணியில் தங்கி, தண்ணீரை வழுக்கி ஓடவிடும் தன்மையைக் கெடுக்கும். சோப்பு போக இரண்டு முறை அலசுங்கள். ஜிப்பின் பற்களில் மண் இருந்தால் பழைய பல்துலக்கியால் தட்டி எடுங்கள். கூடாரத்தில் முதலில் சாவது பெரும்பாலும் ஜிப்தான். பறவை எச்சத்தையும் மரப்பாலையும் அன்றே துடைக்காவிட்டால் பிறகு எதற்கும் அசையாது. மூலை முடுக்கெல்லாம் உதறுங்கள். அட்டைப்பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டு கிள்ளான் வரை வந்தால் வீட்டில் கூச்சல் கேட்கும், அது வேறு கதை.

மண்ணையும் விதையையும் உதறுவதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பிரிஞ்சாங் மலைப் பக்கம் பாசிக்காடு இருக்கிறது, குடுவைச் செடிகள் வளரும் இடம். கீழ்நாட்டுப் புல்விதை கூடார மடிப்பில் ஏறி அங்கே போவது நல்லதல்ல. வெளிநாட்டுப் பயணம் போகும் இளைஞர்களுக்கு இது இன்னும் அவசியம். நியூசிலாந்து விமான நிலையத்தில், பயன்படுத்திய கூடாரத்தையும் மலையேறும் காலணியையும் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அதிகாரிகள் பிரித்துப் பார்ப்பார்கள். அறிவிக்காமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் போடலாம். அந்தப் பணத்துக்கு நல்ல கூடாரமே வாங்கிவிடலாம்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணை நம்பக் கூடாது. மேல்விரிப்பின் நடுப்பகுதி அரை மணி நேரத்தில் காய்ந்த மாதிரி தெரியும். ஈரம் தங்குவது மூலைகளில், இரட்டைத் தையலில், கயிறு கோத்த பட்டைகளில், ஜிப்பை மூடும் மடிப்புக்கு உள்ளே. அங்கெல்லாம் கன்னத்தை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதைவிடத் திட்டமான வழியும் உண்டு. தொழிற்சாலையில் கொழுந்து வாடியதா என்பதைக் கையால் பிடித்துப் பார்த்ததோடு விடமாட்டார்கள், நிறுத்தும் பார்ப்பார்கள். 100 கிலோ கொழுந்து வாடி 60, 70 கிலோவுக்கு இறங்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்க வாங்கிய கொக்கித் தராசு உங்கள் வீட்டில் இருக்கும். புதுக் கூடாரம் வாங்கியதும் பையோடு நிறுத்து, அந்த எடையைப் பையின் உள்பக்கத்தில் எழுதிவையுங்கள். முகாம் முடிந்து காயவைத்த பிறகு மறுபடி நிறுத்துப் பாருங்கள். 200 கிராம் கூடுதலாகக் காட்டினால் உள்ளே ஒரு குவளைத் தண்ணீர் ஒளிந்திருக்கிறது, அல்லது பாதிக் கேமரன் மலை மண்.

காய்ந்த கூடாரத்தை மறுபடி அந்த இறுக்கமான பைக்குள் திணிப்பது வழக்கம். அந்தப் பை முதுகில் சுமக்கும் நாளுக்கு மட்டும். வீட்டில் இருக்கும் மாதங்களுக்கு ஒரு பழைய பருத்தித் தலையணை உறையே மேல். அதில் தளர்வாகப் போட்டு, சுவரையும் தரையையும் ஒட்டாமல் அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் மடித்தால் அந்தக் கோட்டில் பூச்சு வெடிக்கும், கலைந்து கிடப்பதே நல்லது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி பார்க்க அழகாக இருக்கும். மிச்ச ஈரம் ஒரு தேக்கரண்டி இருந்தால்கூட அது உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். நம் நாட்டு வீட்டுக் காற்றே ஈரமானது என்பதால், நன்றாகக் காயவைத்த கூடாரத்தையும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து ஒரு பிற்பகல் விசிறிக்கு முன்னால் போட வேண்டும். கம்புகளைப் பிரிக்கும்போது நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மடித்தால் உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு சீராகத் தளரும். முளைகளைத் துடைத்துத் தனிப் பையில் போடுங்கள். சேறு ஒட்டிய முளையைத் துணியோடு சுருட்டுவதால்தான் பல கூடாரங்களில் முதல் ஓட்டை விழுகிறது.

பூஞ்சைப் புள்ளி ஏற்கெனவே வந்துவிட்டதென்றால், ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, வீட்டுக்கு வெளியே, மூக்கையும் வாயையும் மறைத்துக்கொண்டு துடையுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம். வாடை போகும், கரும்புள்ளி பெரும்பாலும் நிற்கும். வெளுப்பான் ஊற்றிப் புள்ளியை எடுக்கப் பார்த்தால் பூச்சும் கூடவே போய்விடும். தையல் நாடா மட்டும் அங்கங்கே தூக்கியிருந்தால், முகாம் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் பசையைத் தடவிக் காப்பாற்றிவிடலாம். படலமே பிசுபிசுத்து உரியத் தொடங்கியிருந்தால் திரும்பி வராது. அதைத்தான் அக்கா மகனிடமும் சொன்னேன்.

உள்கூட்டையாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். அதில் படலப் பூச்சு தரைப்பகுதியில் மட்டும்தான், அது பிசுபிசுக்கவில்லை, வலைத்துணியிலும் புள்ளி இல்லை. கழுவி, நிறுத்துப் பார்த்து, கொசு வராமல் வீட்டுக்குள் பிள்ளைகள் விளையாட வைத்திருக்கிறான். கம்புகளையும் உரிந்த மேல்விரிப்பையும் போன வாரம் வந்தபோது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். மேல்விரிப்பு குப்பைக்குப் போனது. கம்புகளை வளைத்து வீட்டுக்குப் பின்னால் நட்டிருக்கிறேன், அவரைக்கொடி ஏறத் தொடங்கிவிட்டது. புதுக் கூடாரம் வாங்கியதும் படம் அனுப்பினான். பையின் உள்பக்கத்தில் கறுப்பு மையில் 4.3 கிலோ என்று எழுதியிருந்தது.